மருந்துக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும்? தொற்றுக்காலத்துச் சமூக வானொலி அனுபவம்

கொரோனா காலத்தில் எங்கள் சமூக வானொலிக்கு வந்த அழைப்புகளில், வைரஸ் எப்படி இருக்கும், எந்த நாட்டில் எத்தனை பேருக்கு என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. மருந்துக்கடை எத்தனை மணிவரை, மாத்திரை வாங்க நானே போகணுமா இல்லை மகனை அனுப்பலாமா, பக்கத்து ஊரில் இறந்துபோன அத்தையின் முகம் பார்க்க யாரிடம் அனுமதி வாங்குவது, டயாலிசிஸ் நாளில் வண்டி ஓடுமா, இப்படித்தான் கேட்டார்கள். தொலைக்காட்சியில் இருபத்து நாலு மணி நேரமும் கொரோனாதான் ஓடியது, ஆனால் இதில் ஒரு கேள்விக்குக்கூட அங்கே பதில் கிடையாது. நாட்டுக்கே செய்தி வாசிக்கிறவர் நம் தெரு மருந்துக்கடை நேரத்தைச் சொல்லவா போகிறார்.

நான் அங்கே தன்னார்வலனாக நிகழ்ச்சி தொகுத்துக்கொண்டிருந்தேன். சம்பளத்துக்கு இருந்தவர்கள் ஓரிருவர்தான், மற்றவர்கள் எல்லாம் என்னைப் போல. சமூக வானொலி பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு வட்டாரத்துக்காக அங்கே இருப்பவர்களே சேர்ந்து நடத்துகிற சின்ன நிலையம் அது, இந்தியாவில் பொதுவாகவும் அமெரிக்காவின் குறைந்த திறன் எஃப்எம் நிலையங்களிலும் ஒலிபரப்புத் திறனுக்கு 100 வாட்தான் வரம்பு, சில கிலோமீட்டர் தாண்டினால் கரகரவென்று போய்விடும். சாதாரண நாளில் இது பெரிய குறை, விளம்பரம் தருகிறவர்கள் அதைச் சொல்லித்தான் தட்டிக்கழிப்பார்கள். தொற்று வந்தபோதோ அதுவே வசதியாகிவிட்டது. கேட்கிற எல்லோரும் அதே மருத்துவமனைக்குப் போகிறவர்கள், அதே நிர்வாகத்தின் கீழ் இருப்பவர்கள், அதே தடுப்பைத் தாண்டி வெளியே போக வேண்டியவர்கள். அதனால் சொல்கிற ஒவ்வொரு வரியும் கேட்கிற எல்லோருக்கும் பொருந்தும்.

நாங்கள் செய்ததில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் கேள்வி நோட்டைத்தான் சொல்வேன். தனியாக ஒரு எண், மிஸ்டு கால் கொடுத்தால் நாங்கள் திருப்பிக் கூப்பிடுவோம், அழைத்தவர் கேட்டதை அவர் பேச்சிலேயே ஒரு நீள நோட்டில் எழுதுவோம். அந்த "அவர் பேச்சிலேயே" என்பது முக்கியம். ஒரு பாட்டி கேட்டது இது: "தம்பி, மாத்திரை வெள்ளிக்கிழமையோட தீருது. தெருமுனையில போலீஸ் நிக்குது. சீட்டு காட்டினா விடுவாங்களா, இல்ல அடிப்பாங்களா?" இதை "முதியோர் மருந்துத் தேவை" என்று எழுதி வைத்திருந்தால் கேள்வியில் பாதி காணாமல் போயிருக்கும். அவருக்கு இருந்த பயம் போலீஸ்மேல், மருந்துக்கடை பிறகுதான். காவல் நிலையத்தில் பேசி, எந்தச் சீட்டு, போன மாதச் சீட்டு செல்லுமா, போனில் படம் காட்டினால் போதுமா என்று மூன்றையும் கேட்டு, அன்று மாலையே அதிகாரி சொன்னதை அப்படியே ஒலிபரப்பினோம். அதற்கப்புறம் வந்த அழைப்புகளைப் பார்த்தால், அதே கேள்வியை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் எத்தனை பேர் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டு வேளைச் செய்தி. நேரம் எந்தக் காரணத்துக்காகவும் மாறாது, வரிசையும் மாறாது. முதலில் நேற்றிலிருந்து இன்றைக்கு மாறியது என்ன, எதுவும் மாறவில்லை என்றால் அதையே சொல்லிவிடுவோம். அப்புறம் நோட்டிலிருந்து கேள்வி பதில். தொற்று எண்ணிக்கை கடைசியில், அதுவும் ஒரே வரி. எண்ணிக்கை வேண்டாம் என்று எங்களுக்குள்ளேயே சிலர் வாதாடினார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, சொல்லாமல் விட்டால் மறைக்கிறார்கள் என்று பேச்சு வரும். ஆனால் அதை முதலில் சொன்னால் அதற்குப் பின் வருவது எதுவும் காதில் ஏறாது, அதுவும் உண்மை.

அரசாணைகளைப் பேச்சு வழக்குக்குக் கொண்டுவருவது தனி வேலை. "அத்தியாவசியச் சேவைகள் நீங்கலாக" என்று ஒரு வரி வரும், அதைக் கேட்டு யாருக்கு என்ன புரியும்? தையல் கடை வைத்திருப்பவர் திறக்கலாமா, பஞ்சர் ஒட்டுகிறவர் உட்காரலாமா, வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் போகலாமா? இதை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போன் செய்வோம். பல நேரம் அங்கே இருப்பவருக்கும் தெரியாது. "இருங்க, மேலே கேட்டுச் சொல்றேன்" என்பார். கேட்டும் சொல்வார். நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பஞ்சர் கடை விஷயத்தில் யாரும் முடிவே எடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். சொன்னதை எழுத்தில் அனுப்பச் சொல்லி வாங்கிவிடுவது நல்லது, முடியாவிட்டால் நாம் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி ஆமாம் என்று வாங்கிக்கொள்ள வேண்டும். நாளை ஆள் மாறிவிடுவார்.

வானொலியில் போனதையே சின்ன ஒலித்துண்டாக வாட்ஸ்அப்பிலும் அனுப்பினோம். இங்கே சில நுணுக்கங்கள் இருக்கின்றன. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மோனோவில், அதாவது ஒற்றை ஒலித்தடத்தில், தரத்தை 64 கேபிபிஎஸ் என்று குறைத்து வைத்தால் இரண்டு நிமிடப் பேச்சு ஏறக்குறைய ஒரு எம்பிதான் வரும், டேட்டா தீர்ந்துபோகிற கவலை உள்ளவர்களும் இறக்கிக் கேட்பார்கள். வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) வழியாக அனுப்பினால் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும், ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கவும் முடியும். அதனால் எண்ணைச் சேமிக்கச் சொல்லி வானொலியிலேயே திரும்பத் திரும்பச் சொன்னோம். குழு என்றால் அட்மின் மட்டும் பதிவிடுகிற மாதிரி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவசரச் செய்தி காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். (காலை வணக்கம் அனுப்புகிறவர்கள் மேல் கோபம் இல்லை. தனியாக இருந்த பலருக்கு அன்றைக்கு வந்த ஒரே செய்தி அதுவாகத்தான் இருந்திருக்கும்.)

எல்லாவற்றையும் விட, ஒலித்துண்டு தொடங்கும்போதே நாளையும் நேரத்தையும் வாயால் சொல்லிவிட வேண்டும். "இது செவ்வாய்க்கிழமை காலை, இன்ன தேதி, நாளை மாலை வரை இது பொருந்தும்." கோப்பின் பெயரில் தேதி போட்டுப் பிரயோஜனமில்லை, அது ஃபார்வர்டில் யார் கண்ணிலும் படாது. ஒரு மாதத்துக்கு முந்தைய கட்டுப்பாடு திடீரென்று புதுச் செய்தியாகச் சுற்ற ஆரம்பிக்கும், அதுவும் உண்மையான குரலில், உண்மையான ஆணையோடு. பொய்ச் செய்தியைவிட இந்தப் பழைய உண்மைதான் எங்களை அதிகம் ஓடவிட்டது.

பொய்ச் செய்திக்கும் குறைவில்லை. இன்றிரவு ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கிறார்கள், யாரும் வெளியே வராதீர்கள், துணிகளை எடுத்துவிடுங்கள் என்று ஒன்று வந்தது ஞாபகமிருக்கிறதா? 2020 மார்ச்சில் பல நாடுகளில் பல மொழிகளில் சுற்றிய புரளி அது, ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்க்காரர் சொன்னது போலவே வந்தது. இதை மறுக்கும்போது "ஹெலிகாப்டரில் மருந்து தெளிப்பதாக ஒரு தகவல்" என்று ஆரம்பித்தால் அரைக்காது கொடுத்துக் கேட்கிறவருக்கு அது மட்டும்தான் விழும். அதனால் உண்மையைத்தான் முதலில் வைத்தோம்: இன்றிரவு மற்ற இரவுகளைப் போலத்தான், துணி காயலாம், மாடியில் உட்காரலாம், நிர்வாகத்திடம் பேசிவிட்டோம், வேறு மாதிரி வந்த செய்தி பொய். அனுப்பியவர் யார் என்று தெரிந்தாலும் பெயர் சொல்லக் கூடாது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அது சரியில்லையாம், அனுப்பின குழுவுல நீங்களே ஒரு வரி போட்டுடுங்களேன்" என்றால் பெரும்பாலும் போட்டுவிடுவார். மானத்தை வாங்கினால் பிடிவாதமாக நின்றுவிடுவார்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம், 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று அந்த நிறுவனமே கட்டுப்பாடு போட்டது. இதை நிகழ்ச்சியில் சொல்லி, இரட்டை அம்பு பார்த்தால் எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள் என்றோம். விளையாட்டு மாதிரி பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், தாத்தா போனை வாங்கி அம்பு தேடுகிற வேலை அவர்களுக்கு. ஈரானில் சாராயம் குடித்தால் கொரோனா அண்டாது என்று நம்பி, மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்துபோனதை நாங்கள் ஒருமுறை விரிவாகச் சொன்னோம், புரளி என்றால் சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்தவர்களுக்காக.

அதேபோல, ஆலோசனையே மாறும்போது என்ன செய்வது? முகக்கவசம் விஷயத்தில் அதுதான் நடந்தது. பொதுமக்கள் எல்லோருக்கும் தேவையில்லை என்ற தொனியில் பேசிவந்த உலக சுகாதார அமைப்பு, 2020 ஜூன் 5 அன்று, பரவல் உள்ள இடங்களில் விலகி நிற்க முடியாதபோது துணிக் கவசம் அணியுங்கள் என்று வழிகாட்டுதலை மாற்றியது. நேற்றுவரை ஒன்று சொன்னீர்கள், இன்று வேறு சொல்கிறீர்களே என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். பழையதைப் பூசி மெழுகாமல், அப்போது தெரிந்தது இவ்வளவு, இப்போது தெரிந்தது இவ்வளவு, இனியும் மாறலாம் என்று சொல்லிவிடுவதுதான் வழி. "மாறலாம்" என்பதை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நாள் வரும்போது அவ்வளவு அதிர்ச்சி இருக்காது.

மரணச் செய்தி விஷயத்தில் ஒரு அலுவலகத்தோடு கொஞ்சம் உரசல். இறப்புகளைப் பற்றிப் பேசினால் மக்கள் பயப்படுவார்கள், வேண்டாமே என்று ஒரு அதிகாரி நயமாகச் சொன்னார். எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அவருக்கு 1918 காய்ச்சல் கதையைச் சொன்னார். முதல் உலகப்போர் நேரம், போரிடும் நாடுகளில் தணிக்கை, ஸ்பெயின் போரில் இல்லாததால் அங்கே பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதின, கடைசியில் நோய்க்கே ஸ்பானிஷ் காய்ச்சல் என்று பெயர் வந்துவிட்டது. மறைத்தவர்கள் பெயர் ஒட்டவில்லை, சொன்னவர்கள் பெயர்தான் ஒட்டியது சார், ஆனாலும் சொல்லாத ஊரில் ஜனங்கள் வதந்தியை நம்பித்தானே கிடந்தார்கள் என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். எண்ணிக்கை சொல்லலாம், பெயர் குடும்பம் சம்மதித்தால் மட்டும், நோயின் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவானது. எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

தொற்று வந்த வீட்டை ஒருபோதும் அடையாளம் காட்டவில்லை. "எந்தத் தெருன்னு மட்டும் சொல்லுங்க, ஜாக்கிரதையா இருப்போம்ல" என்று தினமும் கேட்பார்கள். தெரு சொன்னால் வீடு தெரிந்துவிடும், வீடு தெரிந்தால் தண்ணீர் பிடிக்க வருகிறவரைக்கூட விரட்டுவார்கள், அடுத்த ஆள் காய்ச்சல் வந்தாலும் மறைப்பார், பரிசோதனைக்குப் போகமாட்டார். இதையே காரணமாக ஒலிபரப்பில் விளக்கினோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தகவல். ஆனால் எங்கள் நிலையத்தில் அதிகம் பேர் கேட்டது தகவலே இல்லாத ஒரு நிகழ்ச்சியை. பெயர் "நல்லா இருக்கேன்". பெயரையும் தெருவையும் சொல்லி, நல்லா இருக்கேன் என்று இருபது விநாடிக்குள் ஒரு குரல் பதிவு அனுப்ப வேண்டும், நாங்கள் வரிசையாக ஓட்டுவோம், அவ்வளவுதான். ஒருவர் தன் மாட்டுக்குக் கன்று பிறந்ததைச் சொன்னார், ஒருவர் எதுவும் சொல்லத் தோன்றாமல் தொண்டையைச் செருமிவிட்டு "சரி, வச்சிடுறேன்" என்றார், அதையும் வெட்டாமல் போட்டோம். வீட்டுத் தனிமையில் 14 நாள் அடைந்து கிடந்தவர்கள்தான் இதை விடாமல் கேட்டவர்கள் என்று பிறகு தெரிந்தது. தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால் கொடுமையான ஒலி, ஒன்று கத்தும், ஒன்று கிசுகிசுக்கும், பின்னால் குக்கர் விசில். ஒலி அளவை மட்டும் சமன் செய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டோம். பதிவு வராமல்போன ஆட்களைக் கவனிக்க வேண்டும் என்று இதன் பக்கவிளைவாக ஒரு பழக்கம் வந்தது. தினமும் தவறாமல் அனுப்புகிற ஒரு அம்மா இரண்டு நாள் அனுப்பவில்லை என்று கேட்பவர்களே போன் செய்து விசாரித்தார்கள், அப்புறம் பார்த்தால் அவர் போன் உடைந்திருந்தது. யார் தனியாக இருக்கிறார்கள் என்ற பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை, நேயர்களிடம் இருந்தது.

பள்ளிப் பாடம் ஒலிபரப்புவது அந்த ஆசிரியரின் யோசனை. 1937 செப்டம்பரில் சிகாகோவில் போலியோவுக்குப் பயந்து பள்ளி திறப்பைத் தள்ளிவைத்தபோது வானொலி நிலையங்கள் நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்தின, அன்றன்றைய பாடக் குறிப்பைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன, சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எபோலாவின்போது 2014 முதல் சியரா லியோனிலும் வானொலிப் பாடம் ஓடியது. சிகாகோவில் வானொலி தனியாக ஓடவில்லை என்பதை நாங்கள் பிடித்துக்கொண்டோம்: கையில் ஒரு தாள், கேட்க ஒரு எண். ஒரு பக்கத் தாளைப் பால் போடுகிறவர்கள் வழியாக வீடுகளுக்குக் கொடுத்தோம். கணக்குப் பாடம் சரிப்பட்டு வரவில்லை, கதையும் மொழிப்பாடமும் நன்றாகப் போனது. சின்னப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் மட்டும், ஜன்னல் திறந்து, ஆளுக்கொரு மைக் உறை, விருந்தினர் எல்லாம் போனில். வீட்டில் பதிவு செய்கிறவர்கள் தலைக்கு மேல் கனமான போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசினால் எதிரொலி அடங்கிவிடும், வியர்த்துக் கொட்டும், வேறு வழியில்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல, மொழிபெயர்ப்பாளரைத் தேடாமல் அவர்களில் ஒருவரையே வாசிக்கச் சொன்னது நல்ல முடிவு, கூட்டாளிகள் அவரை நம்பினார்கள். காது கேளாதவர்களுக்கு எழுத்துச் செய்தி, போனே இல்லாதவர்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய வண்டி. வண்டியில் மூன்றே வரிதான் சொல்ல வேண்டும், நகர்ந்துகொண்டே இருப்பதால் நான்காவது வரி அடுத்த தெருவுக்குத்தான் கேட்கும்.

தடுப்பூசி வந்த 2021இல் பிரபலங்கள் ஊசி போட்டுக்கொண்ட செய்தி எங்கள் பக்கம் பெரிதாக எடுபடவில்லை. எல்லோருக்கும் தெரிந்த செவிலியர் அக்கா வந்து, கை வலிக்கும், ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கலாம், எனக்கும் அடித்தது, அதற்கு மேல் போனால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று சொன்னதுதான் எடுபட்டது. காய்ச்சல் வரும் என்பதை முன்பே சொல்லாமல் விட்ட இடங்களில் அந்தக் காய்ச்சலே புரளிக்கு வித்தானது.

இப்போது இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள், வானொலி உரிமம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு நோட்டும் போதும், நோய் வரும்வரை காத்திருக்காமல் எண்கள் பட்டியலைச் சேர்த்துவிடுங்கள். மருத்துவமனை, ஆம்புலன்ஸ், மருந்துக்கடைகள், தண்ணீர், மின்சாரம், காவல் நிலையம், மயானம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்கள். சேர்த்த கையோடு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். பாதி எடுக்காது, சிலது வேறு யாருக்கோ போகும். அதை இப்போதே அடித்துத் திருத்திவிடலாம்.